அய்யா ஏறின மரங்கள்

அய்யாவைக் குளிப்பாட்டும்போதுதான் அது கையில் தட்டியது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் நீர்மாலை எடுத்து வந்து பிள்ளைகள் கையால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூத்த மகன் என்பதால் சொம்பு முதலில் என்னிடம் வந்தது. ஊற்றிவிட்டு நெஞ்சைத் தேய்த்தேன். உள்ளங்கையில் சொரசொரவென்று இருந்தது. நெஞ்சின் இரண்டு பக்கமும் காய்ப்பு. கணுக்காலுக்கு உள்பக்கமும் அதே மாதிரி. அவர் கடைசியாகப் பனை ஏறி அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது. முடி கொட்டி, தசையெல்லாம் வற்றி, கடைசி மூன்று மாதத்தில் எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார். காய்ப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"ஊத்துய்யா, எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காவ" என்று சித்தப்பா சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன்.

அது போன வருடம். அன்றிலிருந்து அய்யாவைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் உடன்குடிக்கு மேற்கே, குதிரைமொழித் தேரியை ஒட்டினது. தேரி என்றால் செம்மணல் காடு. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி மண், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மேடும் பள்ளமுமாக. வைகாசி வெயிலில் அதில் வெறுங்காலோடு நூறு அடி நடக்க முடியாது. ஆற்றுப் பாசனம் எட்டாத அந்த மண்ணில் தானாக முளைத்து, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் நிமிர்ந்து நிற்பது பனை. எங்கள் ஊருக்கு வயலும் அதுதான், தொழிற்சாலையும் அதுதான். 1978-ல் பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்து அய்யாவிடம் படித்துக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. "சரி, நல்லது" என்று சொல்லிவிட்டு அரிவாளைத் தீட்டப் போய்விட்டார்.

அய்யாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது. அவர் சொல்கிற கணக்கு இதுதான்: "வெள்ளக்காரன் போன வருசம் நான் தனியாளா முப்பது மரம் ஏறினேன்." தனியாக முப்பது மரம் ஏற வேண்டும் என்றால் குறைந்தது பதினைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 1932. போகும்போது 92. அதில் ஐம்பத்தேழு வருடம் மரத்தின் மேல்.

பனையேற்றம் என்றால் இன்றைக்குப் பலருக்கும் நுங்கு வெட்டுவதுதான் தெரியும். நுங்குக்கு எப்போதாவது ஒரு தடவை ஏறினால் போதும். பதநீர் அப்படி இல்லை. பாளை விட்டதும் அதை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கலயத்தில் சொருகிக் கட்ட வேண்டும். பிறகு தினமும் காலையில் ஏறி இறக்க வேண்டும், சாயங்காலம் ஏறி மறுபடியும் சீவ வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும், மரம் அந்தப் பருவத்துக்குக் கை விட்டுவிடும். காய்ச்சல் என்றாலும் ஏற வேண்டும், கல்யாண வீடு என்றாலும் ஏறிவிட்டுத்தான் போக வேண்டும். மாசியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் லீவு என்ற சொல்லே கிடையாது. அய்யாவோட சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே தாலி கட்டி முடித்த பிறகுதான் இடுப்பில் அரிவாள் பெட்டியோடு வந்து நின்றாராம்.

நான் பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அய்யா நன்றாக ஏறின காலத்தில் 35 மரம். சராசரி 35 அடி என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஒரு நாளைக்கு 2,450 அடி. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 216 அடி. தினமும் பதினோரு தடவை அந்த விமானத்தின் உச்சிக்கு ஏறி இறங்கியிருக்கிறார், அதுவும் படி இல்லாமல். தோளில் முருக்குத்தடி, காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. இறங்கும்போது குடுவையில் பதநீர். மரத்தை நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து, கையை மேலே எறிந்து பிடித்து, இரண்டு காலையும் சேர்த்து உந்தி ஏறுவார். பனையின் செதில் அரம் மாதிரி இருக்கும். நெஞ்சில் காய்ப்பு வந்தது அதனால்தான்.

சின்ன வயதில் எங்களுக்கு அது தெரியாது. அய்யா திண்ணையில் படுத்திருக்கும்போது தம்பி அவர் நெஞ்சில் தலை வைத்துப் படுப்பான், உடனே எழுந்து "குத்துது" என்பான். அய்யா தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மடித்து நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு "இப்ப படுய்யா" என்பார். எத்தனை ராத்திரி அந்தத் துண்டின் மேல் நாங்கள் தூங்கியிருப்போம்!

அம்மாவைச் சொல்லாமல் அய்யாவைச் சொல்ல முடியாது. ஊருக்கு வெளியே தேரி ஓரத்தில் எங்கள் விடிலி. பனையோலை போட்ட குடிசை, நடுவில் அடுப்பு. பருவம் முழுக்க அம்மாவுக்கு அங்கேதான் வாழ்க்கை. அய்யா இறக்கின பதநீரை வடிகட்டி அடுப்பில் ஏற்றினால் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கி வழியப் பார்க்கும். அப்போது ஆமணக்கு முத்தைத் தட்டி ஒரு துளி போடுவார் அம்மா, நுரை அப்படியே அடங்கிவிடும். பாதிப் பதத்தில் அது கூப்பனி. தேனைவிடக் கெட்டியாக, புகை வாசத்தோடு இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிற எங்களுக்காக அம்மா ஆளுக்கு ஒரு சிரட்டையில் எடுத்து வைத்திருப்பார். முழுப் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி. ஏழெட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. அது புரிந்தவர்கள் கடையில் விலை கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள். அய்யா வாழ்நாளில் ஒரு கலயத்தைக்கூடச் சுண்ணாம்பு இல்லாமல் கட்டினதில்லை. தினமும் சுண்ணாம்பு தொட்டுத் தொட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ராத்திரி அம்மா அதில் வேப்பெண்ணெய் தடவிவிடுவார். பேசிக்கொள்ள மாட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அம்மா ஒவ்வொரு விரலாகத் தடவுவார். எங்கள் வீட்டில் நான் பார்த்த அன்பு அதுதான்.

இன்னொன்றும் உண்டு. காலைப் பதநீரோடு விடிலிக்கு வந்தால், குடுவையை இறக்கி வைத்ததும் ஒரு பச்சை ஓலையைக் கிழித்துப் பட்டை மடிப்பார். முதல் பட்டைப் பதநீர் அம்மாவுக்கு. "ஏளா, குடி. பொறவு அடுப்பப் பாரு" என்பார். அம்மா குடித்து முடித்த பிறகுதான் அளப்பது, பிரிப்பது எல்லாம். பிரிப்பது என்று ஏன் சொல்கிறேன் என்றால், மரங்கள் எங்களுடையது இல்லை. பாதி வாரம். ஒரு நாள் பதநீர் எங்களுக்கு, மறுநாள் பதநீர் மரத்துக்காரருக்கு. அந்த இரண்டாம் நாளிலும் மரத்தின் உயரம் அதேதான், வெயிலும் அதேதான். அய்யா அந்த நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்து அதே கவனத்தோடு சீவுவார். முதல் பட்டை அம்மாவுக்குப் போவதும் அன்றைக்கு நடக்கும். மரத்துக்காரர் ஒரு தடவை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அய்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுப்புக்கு மேலே பரண். கருப்பட்டியை அதில் அடுக்கி வைத்தால் கீழிருந்து வருகிற புகை ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். பருவத்தில் எல்லார் வீட்டிலும் கருப்பட்டி இருக்கும், விலை விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விலை ஏறும். அதுவரைக்கும் பசியைத் தாங்கிக்கொண்டு பரணைத் தொடாமல் இருக்கிறவன்தான் பிழைப்பான். எங்கள் வங்கி அந்தப் பரண். என் பள்ளிக்கூடச் சட்டை, அக்காவின் கம்மல், தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடின வண்டிக்கூலி, எல்லாமே அதிலிருந்து இறங்கினவை.

இப்போது சொல்லப்போவது நான் யாரிடமும் சொல்லாதது.

1970. எனக்குப் பதினொரு வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அய்யா சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தார். நான் அவருடைய தளைநாரை எடுத்துக்கொண்டு விடிலிக்குப் பின்னால் இருந்த குட்டைப் பனையில் ஏறினேன். ஊரில் என் வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஏறத் தொடங்கியிருந்தார்கள். நானும் ஏறி அய்யாவுக்குக் காட்ட வேண்டும், அவருக்குப் பாரம் குறையும் என்பதுதான் என் எண்ணம். ஒரு ஆள் உயரம் போனேன். இரண்டு ஆள் உயரம் போனேன். நெஞ்செல்லாம் சிராய்த்து எரிந்தது. கீழே பார்த்தால் அய்யா நிற்கிறார்.

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் நான் பயந்து கையை விட்டுவிடுவேன் என்று தெரிந்திருக்கிறது. மெதுவாக, மாட்டைத் தட்டிக் கொடுக்கிற குரலில், "எய்யா, மொதல்ல வலது கால எறக்கு... ஆங்... மரத்தக் கட்டிக்கோ... இப்ப அடுத்த காலு..." என்று ஒவ்வொரு அடியாகச் சொல்லி இறக்கினார். தரையில் கால் பட்டதும் கன்னத்தில் ஒரு அறை. என் வாழ்நாளில் அவரிடம் வாங்கின ஒரே அடி அதுதான். அடித்த கையாலேயே என் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். காய்ப்பின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இது என்னோட போட்டும். நீ மரத்துப் பக்கம் வரப்பிடாது. பள்ளிக்கொடத்துக்குப் போ" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. என் சிராய்ப்பில் அம்மா எண்ணெய் தடவினபோது அய்யா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்கூடம் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. 1956-ல் காமராசர் எங்கள் மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியிலும் சோறு போட்டார்கள். "சோறும் போட்டு எழுத்தும் சொல்லித் தாராவ, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அய்யா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். கையெழுத்துப் போடத் தெரியாத மனுசன். நான் வீட்டுப் பாடம் எழுதும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன எழுதுகிறேன் என்று கேட்க மாட்டார். விளக்குத் திரியை மட்டும் தூண்டிவிடுவார்.

ஆனால் அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார். அதை மறைத்துவிட்டு நான் அய்யாவைப் புகழ்ந்தால் அக்காவுக்குச் செய்கிற துரோகம். விடிலியில் அம்மாவுக்குக் கை உதவி வேண்டியிருந்தது, இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றார். அக்கா என்னைவிட நன்றாகப் படிப்பாள். எட்டாம் வகுப்புப் புத்தகங்களைக் கட்டி அதே பரணில் வைத்தாள். ஆறு வருடம் கழித்து, 1976-ல், பரண் கருப்பட்டியை மொத்தமாக விற்று அவளுக்குக் கல்யாணம் செய்தார். அது போதும் என்று அவர் நினைக்கவில்லை. பல வருடம் கழித்து அக்கா மகளைக் கல்லூரியில் சேர்க்கலாமா வேண்டாமா என்று மச்சான் தயங்கினபோது, அய்யா பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "அவள நிறுத்தினது நான் செஞ்ச தப்பு மாப்ள. இவளயும் நிறுத்தாதிய" என்றாராம். மருமகனிடம் ஒரு மாமனார் இப்படிப் பேசி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. அக்கா மகள் இன்றைக்கு மருந்தாளுநர். அய்யாவின் மாத்திரைகளை அவள்தான் நேரம் பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுப்பாள்.

1983-ல் ஒரு தடவை விழுந்தார். சாயங்காலம், பாதி இறங்கினபோது தளைநார் அறுந்துவிட்டது. கீழே தேரி மணல் என்பதால் உயிர் தப்பியது, தோள்பட்டை போய்விட்டது. நாட்டு வைத்தியர் முட்டைப் பத்துப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நான் அப்போது வாத்தியார் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்தான். இனி ஏற வேண்டாம், என் சம்பளம் போதும் என்று அழுதேன். "தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்றார். அடுத்த மாசியில் ஏறிவிட்டார். தம்பி படித்து முடித்தான், வேலைக்கும் போனான். அதன் பிறகும் ஏறினார். அப்போது கேட்டால், "மரம் சும்மா நிக்கே" என்பார். 2004-ல், எழுபத்திரண்டு வயதில், அவராகவே ஒரு நாள் முருக்குத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அதற்கப்புறம் தொடவில்லை.

அம்மாவுக்கு 2007-ல் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆறு வருடம் படுக்கை. நாங்கள் ஆள் வைக்கிறோம் என்றோம், எங்களோடு வந்துவிடுங்கள் என்றோம். அய்யா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. பல் தேய்த்துவிடுவது, தலை வாரிவிடுவது, சேலை மாற்றுவது எல்லாம் அவரே. மரத்தைப் பிடித்துக் காய்த்த கையால் அம்மாவின் முடியில் சிக்கெடுப்பார், ஒரு முடிகூட இழுபடாது. லீவுக்குப் போகும்போது பார்ப்பேன், காலையில் காப்பி ஆற்றி முதலில் அம்மா வாயில் வைப்பார். "ஏளா, குடி" என்பார். அதே குரல்தான். அம்மா 2013-ல் போய்ச் சேர்ந்தார். அய்யா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனார்.

குளத்தங்கரையில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. ஏறுவதை நிறுத்தின 2004-ஆம் வருடமே, ஆவணியில் விழுந்த பனம்பழங்களைப் பொறுக்கி, கொட்டையை எடுத்து, எங்கள் சின்னத் துண்டு நிலத்தின் வரப்பிலும் குளத்தங்கரையிலும் ஊன்றத் தொடங்கியிருந்தார். அந்த வருடங்களில்தான் எங்கள் பக்கத்தில் பனைகளைச் செங்கல் சூளைக்கு வெட்டி லாரி லாரியாக ஏற்றினார்கள். அய்யா ஏறின 35 மரத்தில் 20 மரம் அப்படிப் போனது. வெட்டுகிற நாளில் அவர் அந்தப் பக்கம் போகமாட்டார். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசு 2021-ல் சொன்னபோது, "இத முன்னாலயே சொல்லியிருக்கப்பிடாதா" என்றார். அவர் குரலில் கோபத்தை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பனை அவசரப்படாத மரம். பாளை விடப் பதினைந்து, இருபது வருடம்கூட ஆகும். எழுபத்திரண்டு வயதில் ஒருவர் பனங்கொட்டை ஊன்றினால் அது யாருக்காக என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் பிள்ளைகளை மரத்தின் பக்கம் வரக்கூடாது என்று வளர்த்தவர். நாங்கள் மூன்று பேரும் வரவில்லை. என் பேரன் பனையைத் தூரத்திலிருந்து பார்த்துத் தென்னை என்கிறான். அய்யா எங்களுக்குக் கொடுத்த வாழ்க்கைக்கு நான் அவர் காலில் விழுந்துகிடக்க வேண்டும். ஆனால் அவர் கையில் இருந்த அந்த வித்தை, எந்தப் பாளையை எந்தக் கோணத்தில் எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும் என்கிற அறிவு, அவரோடு போய்விட்டது. அதுவும் அவர் வேண்டினபடிதான் நடந்தது. இந்த இரண்டையும் நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அவர் ஊன்றினதில் ஆடு கடித்தது, மழை அரித்தது போக 41 மரம் நிற்கிறது. இந்த மாசியில் அதில் ஆறு மரம் முதல் தடவையாகப் பாளை விட்டிருக்கிறது. எங்கள் ஊரில் ஏறத் தெரிந்த கடைசி ஆளுக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. முழங்கால் வலி, ஏற முடியாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

உடன்குடி, திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் இதைப் படிக்கிற யாருக்காவது பனை ஏறத் தெரிந்தவர்களைத் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பாதி வாரம் எனக்கு வேண்டாம். அய்யா மரத்துப் பதநீர் முழுசும் ஏறுகிறவருக்கே.